யார் பணம், யார் முடிவு, யார் தெரு?

சித்தூர் மாவட்டத்தின் கிழக்கோரத்தில், தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தை ஒட்டிக் கிடக்கிறது விஜயபுரம் மண்டலம். இங்கே பல வீடுகளில் பேச்சு தமிழ். மனு எழுதுவது தெலுங்கில். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை மாற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்தில் தங்கிவிட்டன. 2022 ஏப்ரல் 4-இல் மாவட்டங்களைப் பிரித்தபோது இன்னொரு கோடு விழுந்தது. நகரி சட்டமன்றத் தொகுதிக்குள் இருக்கும் நகரி, நிண்டிரா, விஜயபுரம் மண்டலங்கள் சித்தூர் மாவட்டத்தில் நின்றன. புத்தூரும் வடமாலப்பேட்டையும் திருப்பதி மாவட்டத்துக்குப் போயின.

கோடுகள் மாறினாலும் இந்த ஊர்களின் அன்றாடக் கேள்விகள் மாறவில்லை. குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும்? எரியாத தெருவிளக்கை யாரிடம் சொல்வது? கால்வாய் அடைத்துக்கொண்டால் எத்தனை நாளில் ஆள் வருவார்? இவற்றுக்கான பணத்தை எதற்கு முதலில் செலவிடுவது என்பதே உள்ளாட்சி நிதியின் அடிப்படைக் கேள்வி. விஜயபுரம் போன்ற ஊராட்சி, நகரி, புத்தூர் போன்ற சிறு நகராட்சி, திருப்பதி போன்ற மாநகராட்சி ஆகிய மூன்று படிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்த வட்டாரம் நல்ல இடம். பார்த்தால் ஒன்று புலப்படுகிறது: பணம் கொடுப்பவர், முடிவெடுப்பவர், பயன்படுத்துபவர் ஆகிய மூவரும் எங்கே விலகி நிற்கிறார்களோ அங்கே சேவை தளர்கிறது. பணப் பற்றாக்குறை உண்மையானது. ஆனால் அந்தப் பற்றாக்குறைக்கே இந்த விலகல் ஒரு காரணம்.

பணம் வரும் வழி

திருப்பதி நகராட்சி 1886-இல் அமைந்தது. ரிப்பன் பிரபு 1882-இல் கொண்டுவந்த உள்ளாட்சித் தீர்மானத்துக்கும், அதைத் தொடர்ந்த 1884-ஆம் ஆண்டு சென்னை மாகாண நகராட்சிச் சட்டத்துக்கும் பின் உருவான தலைமுறையைச் சேர்ந்தது அது. வீட்டுக்காரர் வரி கொடுப்பார், அவர் தேர்ந்தெடுத்த உறுப்பினர் செலவை முடிவு செய்வார் என்பது அந்த ஏற்பாட்டின் கரு. வாக்குரிமை சிலருக்கே இருந்த காலம் அது. இருந்தாலும் வரிக்கும் வாக்குக்கும் நேரான தொடர்பு இருந்தது.

1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அந்தத் தொடர்பை எல்லோருக்கும் விரிக்க முயன்றது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 18 பணிகளை 12-ஆவது அட்டவணையில் பட்டியலிட்டது. பணிகள் பட்டியலாயின, அவற்றுக்கான வரி அதிகாரம் மாநிலங்களின் விருப்பத்தில் விடப்பட்டது. விளைவு என்ன என்பதை ரிசர்வ் வங்கியின் கணக்கு காட்டுகிறது: 2023-24-இல் நாட்டின் மாநகராட்சிகளுடைய மொத்த வருவாய் உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.6 விழுக்காடு. மத்திய அரசுக்கு 9.2, மாநிலங்களுக்கு 14.6. பிரேசில், தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் உள்ளாட்சிகளின் பங்கு இதைப்போலப் பல மடங்கு.

நகரி போன்ற சிறு ஊர்களில் நிலைமை இன்னும் நெருக்கடி. 2011 கணக்கெடுப்பில் நகரியின் மக்கள்தொகை சுமார் 62 ஆயிரம், புத்தூருடையது சுமார் 54 ஆயிரம். விசைத்தறிக் கூலியில் ஓடும் குடும்பங்கள் நிறைந்த ஊரில் சொத்துவரியை எவ்வளவு உயர்த்த முடியும்? ஆந்திர அரசு 2020-இல் சட்டத்தைத் திருத்தி, ஆண்டு வாடகை மதிப்புக்குப் பதிலாகச் சொத்தின் மூலதன மதிப்பை அடிப்படையாக்கியது. ஓர் ஆண்டில் 15 விழுக்காட்டுக்கு மேல் உயரக்கூடாது என வரம்பும் வைத்தது. மாநிலங்கள் கூடுதல் கடன் வாங்க மத்திய அரசு அப்போது விதித்த நிபந்தனைகளில் சொத்துவரிச் சீர்திருத்தமும் ஒன்று. ஆக, நகரியின் வீட்டு வரி எப்படிக் கணக்கிடப்படும் என்பது நகரியில் முடிவாகவில்லை. அமராவதியில்கூட முழுதாக முடிவாகவில்லை. நோட்டீஸை வீடு வீடாகக் கொடுத்து ஏச்சு வாங்கியது மட்டும் உள்ளூர் பில் கலெக்டர்.

மீதிப் பணம் மேலிருந்து வருகிறது. 15-ஆவது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்கு உள்ளாட்சிகளுக்கென 4,36,361 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பங்கு 1,21,055 கோடி. பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்கு வரும் மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டது. 40 விழுக்காட்டை உள்ளூர் தேவைக்குச் செலவிடலாம். ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக்கூடாது. மக்கள்தொகைக்கு அடிப்படை 2011 கணக்கெடுப்பு. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், பத்து முதல் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய தலைக்கணக்கிலேயே பணம் பங்கிடப்பட்டது. ஓரங்களில் வளர்ந்த மனைப்பிரிவுகளில் குடியேறியவர்கள் குப்பை போடுகிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள், மானியக் கணக்கில் மட்டும் இல்லை.

கட்டுவதும் காப்பதும்

உள்ளாட்சிச் செலவு பற்றிய விவாதங்களில் சாலையா, குடிநீரா, பூங்காவா என்றுதான் கேள்வி எழும். அதைவிட ஆழமான பிளவு, புதிதாகக் கட்டுவதற்கும் கட்டியதைக் காப்பதற்கும் இடையே உள்ளது. திட்டங்கள் எல்லாம் கட்டுவதற்கே பணம் தருகின்றன. 2019 ஆகஸ்ட் 15-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஊரக வீடுகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற அளவில் குழாய் இணைப்பை இலக்காக வைத்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் இரண்டாம் கட்டம் சிறு நகரங்களையும் சேர்த்துக்கொண்டது. ஒரு லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊர்களில் திட்டச் செலவில் பாதி மத்திய அரசுடையது. இணைப்பு கொடுத்து, படம் எடுத்து, கணக்கை ஏற்றியதும் திட்டம் முடிந்துவிடும். ஊராட்சியின் செலவு அன்றுதான் தொடங்கும்.

அந்தச் செலவு எப்படிப் பெருகுகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். கோடையில் நிலத்தடி நீர் இறங்குகிறது. போர்வெல்லை ஆழப்படுத்த வேண்டும். ஆழத்திலிருந்து இழுக்க அதிகக் குதிரைத்திறன் மோட்டார் வேண்டும். மின்கட்டணம் ஏறுகிறது. மின்னழுத்தம் ஏறி இறங்கினால் மோட்டார் காயில் எரிகிறது. மாற்று மோட்டார் கையிருப்பில் இல்லாததால் வாரக்கணக்கில் டிராக்டர் தண்ணீர், அதற்குத் தனி வாடகை. மின்கட்டணப் பாக்கி சேர்கிறது. ஆந்திரத்தில் ஊராட்சிகளுக்கு வந்த நிதி ஆணைய மானியத்தை மாநில அரசு இந்த மின்பாக்கிக்கு ஈடுகட்டிக்கொண்டபோது, சர்பஞ்சுகள் எனப்படும் ஊராட்சித் தலைவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஊராட்சி மின்கட்டணம் கட்ட வேண்டியதுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் எந்தப் பணத்தில், எப்போது கட்டுவது என்ற முடிவு ஊராட்சியின் கையைவிட்டுப் போனதும், கணக்கில் வந்த பணம் கையில் வராமலே மறைந்தது.

இந்தத் தொடரில் எங்கே குறுக்கிட்டால் அதிகப் பயன்? புதிய மேல்நிலைத் தொட்டி கட்டுவதைவிட, இருக்கும் குழாயின் கசிவை அடைப்பதும், மோட்டாரின் திறனைச் சோதிப்பதும், ஒரு மோட்டாரைக் கையிருப்பில் வைப்பதும் மலிவு. இவற்றுக்குத் திறப்பு விழா கிடையாது, கல்வெட்டு கிடையாது, பெரிய டெண்டரும் கிடையாது. அதனாலேயே பட்டியலின் அடியில் போய்விடுகின்றன.

தெருவிளக்கில் மட்டும் இந்தக் கணக்கு ஓரளவு நேரானது. ஹுத்ஹுத் புயலுக்குப் பின் விசாகப்பட்டினம் பழைய விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றியது முன்மாதிரியாகி, 2015-இல் தேசியத் திட்டமானது. முதலீட்டை விளக்கு மாற்றும் நிறுவனம் போடும். மின்சாரத்தில் மிச்சமாகும் தொகையிலிருந்து நகராட்சி ஆண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கும். செலவும் சேமிப்பும் ஒரே கணக்கில் வந்ததால் வேலை நடந்தது. குடிநீர் மோட்டாருக்கும் இதே வழி பொருந்தும்.

திருப்பதி: ஒரு நகரம், மூன்று கஜானா

இந்த வட்டாரத்தின் பெரிய நகரம் திருப்பதி. நாளொன்றுக்கு 60 ஆயிரம் முதல் 80 ஆயிரம் பக்தர்கள் மலையேறுகிறார்கள். அவர்கள் இறங்கும் பேருந்து நிலையமும், நடக்கும் சாலையும், போடும் குப்பையும் கீழ்த்திருப்பதியில். அவர்களுடைய காணிக்கையோ திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கணக்கில். 2025-26-க்குத் தேவஸ்தானத்தின் வரவுசெலவுத் திட்டம் 5,258 கோடி ரூபாயைத் தாண்டியது. பெரும்பாலான மாநகராட்சிகள் ஏக்கத்தோடு பார்க்கும் தொகை அது.

திருப்பதி 2007-இல் மாநகராட்சியானது. மாமன்றத்துக்கு முதல் தேர்தல் நடந்தது 2021 மார்ச்சில். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளும் மாநகராட்சியை நடத்தியவர்கள் அதிகாரிகள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்கு 2016-இல் நகரம் தேர்வானதும், அதற்கெனத் தனி நிறுவனம் வந்தது. நகரின் மிகப் பெரிய முதலீடுகள் மாமன்றமே இல்லாத காலத்தில் முடிவாயின. ரயில் நிலையப் பக்க நெரிசலைக் கடக்கக் கட்டிய சீனிவாச சேது மேம்பாலத்துக்கு 684 கோடி ரூபாய் செலவு. ஏறக்குறைய மூன்றில் இரு பங்கைத் தேவஸ்தானம் ஏற்றது. 2023 செப்டம்பரில் திறந்தார்கள். பக்தர்களின் வாகனங்கள் நகருக்குள் முட்டி நிற்காமல் கடக்க அது உதவுகிறது என்பதில் சந்தேகமில்லை. அந்தத் தொகையில் நகரின் உட்தெருக்களுக்கு வேறென்ன செய்திருக்கலாம் என்று கேட்கும் அவையாவது அன்று இருந்திருக்க வேண்டும்.

அடுத்த மாதமே, அக்டோபரில், தேவஸ்தான அறங்காவலர் குழு தன் வரவுசெலவில் ஒரு விழுக்காட்டை நகர வளர்ச்சிக்கு ஒதுக்கத் தீர்மானித்தது. பக்தர் காணிக்கையைச் சாலைக்கும் சாக்கடைக்கும் செலவிடலாமா என்று எதிர்ப்பு கிளம்பியது. மாநில அரசு ஒப்புதல் தரவில்லை. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. கோயிலுக்கென்று கொடுத்ததை நகராட்சிக் கணக்கில் சேர்ப்பது நம்பிக்கையைத் தொடும் விஷயம். பக்தர்களின் குப்பையை உள்ளூர்க்காரரின் வரியில் அள்ளுவதும் நியாயமில்லை. இதற்கு வழி, நன்கொடை என்ற பெயரை விட்டுவிட்டுக் கட்டணம் என்ற பெயருக்கு வருவது. பக்தர்களால் கூடும் குப்பை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அளந்து, அந்த அளவுக்கு மட்டும் பில் போட்டால் விவாதம் பக்தியிலிருந்து கணக்குக்கு இறங்கும்.

இத்தனைக்கும் நடுவில் திருப்பதி துப்புரவில் பேர் வாங்கிய ஊர். தேசியத் தூய்மைத் தரவரிசையில் தொடர்ந்து முன்வரிசையில் வந்திருக்கிறது. பெரிய கட்டுமானத்துக்கு இதில் பெரும் பங்கில்லை. தினமும் ஒரே நேரத்தில் வண்டி வருவதும், ஈரக் குப்பையைத் தனியே வாங்குவதும், தூய்மைப் பணியாளர்களின் வருகையைக் கண்காணிப்பதுமே காரணம். காப்பதற்குச் செலவிட்டால் பலன் தெரியும் என்பதற்கு உள்ளூரிலேயே சாட்சி இது.

குப்பை வரியும் ஆலந்தூர் சாக்கடையும்

2021 அக்டோபர் 2-இல் ஆந்திர அரசு ‘கிளாப்’ என்ற தூய்மைத் திட்டத்தைத் தொடங்கியது. நீலமும் பச்சையும் சிவப்புமாக மூன்று கூடைகள், புது வண்டிகள், அவற்றோடு வீடுகளுக்கு மாதம் 30 முதல் 120 ரூபாய் வரை கட்டணம். மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘செத்த பன்னு’, குப்பை வரி. எதிர்ப்பு மூண்டது. 2024 அக்டோபர் 2-இல் மசூலிப்பட்டினத்தில் முதல்வர் சந்திரபாபு நாயுடு அதை ரத்து செய்வதாக அறிவித்தார். தொடங்கியதும் காந்தி ஜெயந்தி, முடித்ததும் காந்தி ஜெயந்தி. குப்பை அள்ளும் செலவு மட்டும் முடியவில்லை. அது நகராட்சியின் பொதுக் கணக்குக்குத் திரும்பியது.

இதிலிருந்து ‘நம் மக்கள் கட்டணம் கொடுக்க மாட்டார்கள்’ என்று முடிவுகட்டுவோர் சென்னையை ஒட்டிய ஆலந்தூரைப் பார்க்க வேண்டும். 1990-களின் பிற்பாதியில், அப்போது தனி நகராட்சியாக இருந்த ஆலந்தூர், பாதாளச் சாக்கடைக்கு மக்களிடமே முன்பணம் கேட்டது. வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய். அன்றைக்குச் சிறு தொகையல்ல. முதலில் மக்களின் கருத்தைக் கேட்டார்கள். நகராட்சித் தலைவர் ஆர்.எஸ். பாரதியும் உறுப்பினர்களும் தெருத் தெருவாகக் கூட்டம் போட்டு விளக்கினார்கள். பணம் தனிக் கணக்கில் போனது. சுமார் 34 கோடி ரூபாய்த் திட்டத்தில் மீதி கடனாகவும் மானியமாகவும் வந்தது. குழாய் தெருவில் இறங்குவதைப் பணம் கட்டியவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

இரண்டு இடத்திலும் கேட்டது பணம்தான். ஆலந்தூரில் கேட்டவர் அந்த ஊர் நகராட்சி, எதற்கென்பது தெளிவு, பணம் எங்கே போகிறது என்பதும் தெளிவு. குப்பை வரியில் விகிதம் மாநில அளவில் முடிவானது. ஏற்கெனவே சொத்துவரியில் சேர்ந்திருந்த துப்புரவுக்கு மீண்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதிலும் இல்லை.

தண்ணீரும் சாயமும்

நகரியின் பெயரைத் தாங்கிய பெரிய பாசன, குடிநீர்த் திட்டம் ஒன்று உண்டு: காலேறு–நகரி சுஜல ஸ்ரவந்தி. ஸ்ரீசைலத்திலிருந்து கிருஷ்ணாவின் வெள்ளநீரைக் கடப்பை, சித்தூர், நெல்லூர்ப் பகுதிகளுக்குக் கொண்டுவருவது நோக்கம். அரசுகள் மாறி மாறி வந்தும் அதன் இரண்டாம் கட்டம் முடியவில்லை. அதே கிருஷ்ணா நீர் 1983 ஒப்பந்தத்தின்படி கண்டலேறு–பூண்டிக் கால்வாய் வழியாக இந்த வட்டாரத்தின் கிழக்கே ஓடிச் சென்னைக்குப் போகிறது. தூரத்துத் தண்ணீருக்காகக் காத்திருக்கும் ஊர், காலடித் தண்ணீரைக் கெடுத்துக்கொண்டால் இழப்பு இரட்டை.

அதுதான் நடக்கிறது. நகரி, புத்தூர் சாயப்பட்டறைகளின் கழிவு கால்வாய்களிலும் குசஸ்தலை ஆற்றுப்படுகையிலும் கலப்பது இப்பகுதியின் நெடுநாள் புகார். கொசஸ்தலையாறாகத் தமிழ்நாட்டுக்குள் போய் அந்த நீர் பூண்டி ஏரியைச் சேர்கிறது. தவறவிட்டால் என்னவாகும் என்பதற்குத் திருப்பூர் இருக்கிறது: 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது; பல்லாயிரம் பேரின் பிழைப்பு ஒரே நாளில் ஆடிப்போனது. தனித்தனிச் சிறு பட்டறைகளால் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. நகராட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பட்டறைக்காரர்கள் மூவரும் சேர்ந்து பொது நிலையம் அமைத்து, அதன் ஓட்டச் செலவைப் பட்டறைக் கட்டணத்தோடு கட்டிவைப்பதே நெசவையும் நீரையும் ஒருசேரக் காக்கும்.

குடிநீர் வழங்கலில் பார்க்க வேண்டிய ஊர் பூரி. அதுவும் கோயில் நகரம். உள்ளூர் மக்களைப்போலப் பல மடங்கு யாத்திரிகர் வரும் இடம். 2021 ஜூலையில் இருபத்து நான்கு மணி நேரமும் குழாயிலேயே குடிக்கத்தக்க நீர் தரும் ஊராக அது அறிவிக்கப்பட்டது. ‘ஜல சாதி’ என்ற பெயரில் சுய உதவிக் குழுப் பெண்கள் மீட்டர் பார்க்கிறார்கள், வீட்டு வாசலில் நீரைச் சோதித்துக் காட்டுகிறார்கள், பில் தொகையை வாங்கி ஊக்கத்தொகை பெறுகிறார்கள். பணம் கேட்டு வருபவரே தண்ணீரின் தரத்துக்கும் பதில் சொல்கிறார்.

முடிவு யார் கையில்

மக்களே செலவை வரிசைப்படுத்தும் முறையைப் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே 1989-இல் தொடங்கியது. கேரளம் 1996-இல் மக்கள் திட்டத்தின் மூலம் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் விட்டது. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1-இல் நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூடின. ஆந்திரம் வேறு வழியில் போனது. 2019 அக்டோபர் 2 முதல் ஊரகத்தில் சுமார் 2,000 பேருக்கு ஒன்று, நகரில் 4,000 பேருக்கு ஒன்று என்று சச்சிவாலயங்கள் என்னும் அரசு அலுவலகங்களை அமைத்தது. சான்றிதழுக்கு மண்டல அலுவலகம் வரை அலைவது குறைந்தது, பெரிய நன்மைதான். ஆனால் அந்த ஊழியர்கள் பதில் சொல்வது தத்தம் துறை மேலதிகாரிக்கு. சர்பஞ்சுகளின் குறை அதுவே: அலுவலகம் ஊருக்குள் வந்தது, அதிகாரம் வரவில்லை.

உள்ளூரில் முடிவு விட்டால் கவுன்சிலரும் ஒப்பந்ததாரரும் கைகோத்துக்கொள்வார்கள் என்ற அச்சம் வீணானதல்ல. பல ஊர்களில் கவுன்சிலரின் உறவினரே ஒப்பந்ததாரர். அதற்கு மருந்து அதிகாரத்தை மேலே கொண்டுபோவதாக இருக்க முடியாது. மேலேயும் டெண்டர்கள் உண்டு. வேலையின் அளவும் தொகையும் அந்தந்தத் தெருவிலேயே, தெலுங்கிலும் தமிழிலும், எழுதி வைக்கப்பட்டால் ‘நாலங்குலச் சிமெண்ட் எங்கே?’ என்று கேட்க ஆள் இருக்கும்.

முன்னுரிமை வரிசை

மேலே பார்த்தவற்றிலிருந்து இந்த வட்டாரத்துக்கு ஒரு செலவு வரிசை தேறுகிறது. முதலாவது, காப்புச் செலவு. ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவில் மோட்டார், வால்வு, குழாய், விளக்கு, கால்வாய் தூர்வாரல் ஆகியவற்றுக்கான தொகையை ஒதுக்கிய பிறகே புதிய வேலைக்குப் போக வேண்டும். தூய்மைப் பணியாளர் கூலி இதில் முதல் வரி. கூலி நிலுவை விழுந்தால் மற்றதெல்லாம் நிற்கும்.

இரண்டாவது, அளவீடு. நீரேற்றும் இடத்திலும் மேல்நிலைத் தொட்டியிலும் மீட்டர் வைத்தால் வழியில் எவ்வளவு போகிறது என்பது ஒரே கோடையில் தெரியும். அதன் பின்பே புதிய போர்வெல் தேவையா என்று பேச வேண்டும். மூன்றாவது, கூட்டாகச் செய்தல். நகரிக்கும் புத்தூருக்கும் தனித்தனியே நீர்ப் பொறியாளரும் ஆய்வகமும் கட்டுப்படியாகா, சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். நகராட்சிகள் கூட்டாகச் சேவைகளை நடத்த 15-ஆவது நிதி ஆணையமே 450 கோடி ஒதுக்கியது. 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஒரு டஜனுக்கு மேற்பட்ட சிறு உள்ளாட்சிகள் சேர்ந்து குடிநீர், துப்புரவுப் பணிகளுக்குக் கடன் பத்திரம் வெளியிட்டதும் முன்னுதாரணம். தனியாகப் போயிருந்தால் எந்தச் சந்தையும் அவற்றுக்குக் கடன் தந்திராது.

நான்காவது, வார்டுக்கென ஒரு தொகை. கட்டற்ற மானியத்தில் ஒரு பங்கை வார்டு வாரியாகப் பிரித்து, பகுதிக் கூட்டத்தில் வரிசைப்படுத்தட்டும். தொகை சிறிதானாலும், விளக்கா கால்வாயா என்று மக்கள் தேர்ந்தெடுக்கும்போது, ஒன்றை எடுத்தால் மற்றொன்று தள்ளிப்போகும் என்ற நிதியின் அடிப்படை விதி எல்லோருக்கும் புரியும். ஐந்தாவதாகத்தான் கட்டணம். சேவை வந்த பின், உள்ளூர் அவை விகிதம் வைத்து, தனிக் கணக்கில் வசூலிக்க வேண்டும். ஏழைக் குடும்பங்களுக்கு அதிலேயே விலக்கு இருக்க வேண்டும்.

இவை போதாது என்பதும் உண்மை. விசைத்தறிக் கூலியில் வாழும் ஊர் தன் வரியால் மட்டும் மேலெழ முடியாது; மேலிருந்து பணம் வந்தே ஆகவேண்டும். 2026 ஏப்ரல் முதல் 16-ஆவது நிதி ஆணையத்தின் காலம். 2027 மார்ச்சை அடிப்படையாகக் கொண்டு மக்கள்தொகையும் புதிதாக எண்ணப்படுகிறது. எண்ணிக்கை சரியானால் பங்கும் கூடலாம். கூடுதலாக வரும் ரூபாய் இன்னொரு வளைவுக்கும் இன்னொரு கல்வெட்டுக்கும் போகுமா, வால்வு திறக்கும் ஆளின் கூலிக்குப் போகுமா என்பதை அடுத்த வரவுசெலவுக் கூட்டத்துக்கு முன்பே நகரியிலும் புத்தூரிலும் விஜயபுரத்திலும் கேட்டு வைக்க வேண்டும். பணம் வந்த பின் கேட்டால், அதற்குள் டெண்டர் முடிந்திருக்கும்.